இருநூறு அடி நீளச் சித்திரம்

நன்றாக மலர்ந்த துலுக்கச் சாமந்திப் பூவொன்றை நல்ல வெளிச்சத்தில் வைத்து, இமை கொட்டாமல் அரை நிமிஷம் அதையே உற்றுப் பார்த்திருந்துவிட்டு, உடனே வெள்ளைச் சுவரின்மீது பார்வையைத் திருப்பினால், பூவின் வடிவிலேயே, ஆனால் பூவின் நிறத்தில் அல்லாமல், மங்கலான நீலச் சாயை ஒன்று அங்கே சில விநாடிகள் மிதந்து மறைவதைக் காணலாம். சுவரில் நீலம் ஏதும் இல்லை. விழித்திரையில் நிறங்களை உணரும் மூவகைக் கூம்பணுக்களுள், ஆரஞ்சு வர்ணத்துக்காக மிகுதியாக உழைத்தவை களைத்துவிட, களைக்காத மற்றவற்றின் குரல் ஓங்கிவிடுவதால் உண்டாகும் மயக்கம் அது. கண்ணின் இந்தக் களைப்பையும், அதைத் தொடர்ந்து வரும் பசியையும் கணக்கில் வைத்துப் பாத்தி வகுத்த ஓர் அம்மையார் இங்கிலாந்தில் இருந்தார். கெர்ட்ரூட் ஜீக்கல் என்பது அவர் பெயர். ஸ்டீவன்ஸனின் பிரசித்தமான கதையில் இரட்டை வாழ்க்கை நடத்தும் டாக்டருக்கும் இதே குடும்பப் பெயர்தான். கதாசிரியர் அம்மையாருடைய தம்பியின் சிநேகிதர், பெயரை அங்கிருந்து இரவல் வாங்கிக்கொண்டார் என்பார்கள்.

1843ஆம் வருஷம் லண்டன் நகரத்தில் பிறந்த அவருக்கு ஐந்து வயது நடக்கையில், குடும்பம் ஸர்ரே ஜில்லாவிலுள்ள பிராம்லி என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. நகரத்துப் பூங்காவில் புல்லோடு புல்லாய் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த டான்டிலியன் பூக்களைப் பறித்து வர ஆசைப்பட்டபோதெல்லாம், ‘அவை அசிங்கம்’ என்று தடுத்த தாதியின் அதிகாரம், மணல் பாங்கான நிலமும் வேலியோரப் பாதைகளும் சூழ்ந்த அக்கிராமத்தில் செல்லுபடியாகவில்லை. காட்டுப் பூக்களைப் பற்றிய ஒரு கையேட்டைத் துணையாகக் கொண்டு, பெயர் தெரியாத செடிகளை ஒவ்வொன்றாக இனம் கண்டுகொண்டதே அவருடைய தாவர சாஸ்திரப் பாலபாடம். குழந்தைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட சிறு பாத்தியில் மண்ணைக் கிளறியதும் அப்பருவத்தில்தான்.

ஆயினும் அவர் வரித்துக்கொண்ட தொழில் தோட்டமன்று, சித்திரம். 1861இல் தென் கென்ஸிங்டன் கலைப் பள்ளியில் சேர்ந்தார். டர்னரின் ஓவியங்களைப் பிரதி செய்து பழகினார். கிரீஸ், துருக்கி முதலிய தேசங்களைச் சுற்றிப் பார்த்தார். பின்னல் பூவேலை, மர வேலை, வெள்ளி வேலை என்று கைக்கு எட்டிய வித்தைகளையெல்லாம் கற்றுக்கொண்டார். அக்காலத்துச் சித்திர மாணவர்களிடையே ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞரின் நிறக் கொள்கை நன்கு பரவியிருந்தது. பாரிஸ் நகரத்துச் சித்திரக் கம்பள சாலையொன்றில் சாயப் பகுதியை மேற்பார்த்த அவரிடம், ‘கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை’ என்று புகார் வர, ஆராய்ந்து பார்த்ததில் குற்றம் சாயத்தில் இல்லை, அடுத்து வைத்த நூலின் நிறத்தில்தான் என்று தெரியவந்தது. எந்த நிறமும் தனக்கென்று ஒரு தோற்றம் கொண்டதன்று, அண்டை நிறத்தைப் பொறுத்தே விளங்குவது என்று 1839இல் அவர் வெளியிட்ட நூல் தூரிகை பிடித்தவர்களுக்கு ஒரு வேதம் போலாயிற்று.

இதற்கிடையே அம்மையாரின் கண்கள் அவரைக் கைவிடத் தொடங்கின. பிறவியிலேயே கிட்டப்பார்வை, கண்ணாடியின்றி 2 அங்குலத்துக்கு அப்பாலுள்ளது தெளியாது. 1891இல் ஜெர்மனியில் ஒரு கண் வைத்தியர் பரிசோதித்து, சித்திரத்தையும் தையலையும் அறவே விட்டுவிட வேண்டும் என்று கூறிவிட்டார். அவருக்கு அப்போது 47 வயது. பார்வை மங்கியதால்தான் பூக்களைத் தனித்தனியாகக் காணாமல் நிறத் திரள்களாகக் கண்டார், ஆகவே மேதையானார் என்று சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. கிட்டப்பார்வையுள்ளவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள்; முப்பது வருஷம் வர்ணத்தைக் குழைத்துப் பழகிய கையும், வைத்தியர் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே செடிகளோடு கொண்டிருந்த பரிச்சயமும் எத்தனை பேருக்கு வாய்க்கும்? காற்றில் இலைகள் எழுப்பும் ஓசையைக் கேட்டே இன்ன மரம் என்று சொல்லக்கூடியவர் அவர்.

ஸர்ரேயில் மன்ஸ்டெட் உட் என்ற பதினைந்து ஏக்கர் நிலமே அவருடைய பரீட்சைக் களம். அங்கே 11 அடி உயரமுள்ள மணற்கல் சுவர் ஒன்றின் ஓரமாக, 200 அடி நீளத்திலும் 14 அடி அகலத்திலும் ஒரு பூப்பாத்தி அமைத்தார். அதன் ஒரு கோடியில் நின்று நடக்கத் தொடங்குவோம். முதலில் சாம்பல் பூத்த இலைகளும், அவற்றினூடே நீலமும் வெண்மையும் வெளிர்மஞ்சளும். நடக்க நடக்க மஞ்சள் கெட்டியாகி, ஆரஞ்சாகி, நட்ட நடுவில் டாலியாவும் கல்வாழையுமாகச் செக்கச்செவேலென்று மூண்டெரியும். பிறகு அந்த ஜ்வாலை மெல்லத் தணிந்து, மஞ்சள் வழியாக, மறுகோடியில் ஊதாவிலும் மீண்டும் சாம்பல் இலைகளிலும் போய் அடங்கும். சிவப்பில் திளைத்துச் சலித்த கண், கடைசியில் வரும் சாம்பலையும் ஊதாவையும் தாகித்தவன் தண்ணீரைக் கண்டதுபோல் பற்றிக்கொள்கிறது. அதே ஊதாவை வேறிடத்தில் தனியே பார்த்தால் அத்தனை ஒளி இராது. துலுக்கச் சாமந்தியும் வெள்ளைச் சுவரும் நமக்குக் காட்டியதைத்தான், 200 அடிக்கு நீட்டி வைத்திருக்கிறார். அந்தப் பாத்தியிலும் ஆரஞ்சு நிறத் துலுக்கச் சாமந்தி இருந்தது என்பது ஒரு சந்தோஷம்.

சித்திரம் தீட்டி முடித்தால் நிற்கும். பாத்தியோ வாரத்துக்கு வாரம் உதிரும். ஆகவே செடிகளை வட்டத் திட்டுகளாக நடாமல், மெலிந்து நீண்ட பட்டைகளாகச் சாய்த்து நட்டார்; பூத்து ஓய்ந்த பட்டை மெல்லியதாக இருப்பதால் அது விட்டுச்செல்லும் வெறுமை உறுத்தாது. கோடை தொடங்கும்போதே பூத்து, பிறகு இலையும் மிஞ்சாமல் மடிந்துபோகும் செம்பாப்பிக்குப் பக்கத்தில் ஜிப்ஸோபிலாவை வைத்தார். பாப்பி மறையும் நேரத்தில் அது வெண்புகை போலக் கிளைத்து அந்த இடத்தை மூடும். அதுவும் பழுத்தபின், நஸ்டர்ஷியம் கொடி அதன்மேல் படர்ந்துவிடும். நீல டெல்பினியம் காய்க்கத் தொடங்கியதும் தண்டை முழுதும் அறுக்காமல் பாதி உயரத்தில் நறுக்கிவிட்டு, அதையே கொழுகொம்பாக்கி, பின்னாலிருந்து வெள்ளைப் பட்டாணிப்பூக் கொடியை இழுத்துக் கட்டுவார். அதற்கும் பிற்பாடு க்ளமாடிஸ். அப்படியும் எங்கேனும் இடைவெளி தெரிந்தால், ஒதுக்குப்புறத்தில் தொட்டிகளில் தயாராக வளர்த்திருக்கும் லில்லிகளைத் தொட்டியோடு கொண்டுவந்து செருகிவிடுவார். இது மோசடியல்லவா என்று கேட்பவர்கள் நாடக மேடையின் பின்புறத்தைப் பார்த்திராதவர்கள்.

1889இல் அவர் சந்தித்த இருபது வயதுக் கட்டட நிபுணர் எட்வின் லட்யென்ஸ், பிற்காலத்தில் புது டில்லியில் ராஜப் பிரதிநிதி மாளிகையைக் கட்டியவர். இவர் கல்லையும் படியையும் வகுக்க, அவர் அவற்றின்மேல் செடிகளை வழியவிட்டார். ஸாமர்ஸெட்டிலுள்ள ஹெஸ்டர்கோம் தோட்டம் அக்கூட்டுறவின் சிறந்த விளைவுகளுள் ஒன்று. ஏறக்குறைய 400 தோட்டங்களுக்கு அம்மையார் யோசனை கொடுத்திருக்கிறார். வயதான காலத்தில், நிலத்தின் வரைபடத்தையும் மண்ணின் மாதிரியையும் தபாலில் வரவழைத்து, நேரில் காணாத இடங்களுக்கும் நடவுத் திட்டம் எழுதி அனுப்பினார். பென்ஸிலால் பட்டை பட்டையாகக் கோடிட்டு, ஒவ்வொன்றிலும் செடியின் பெயரும் எண்ணிக்கையும் குறித்த அக்காகிதங்கள் இன்று அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலையில் இருக்கின்றன.

1920இல் அவருடைய உருவத்தைத் தீட்டும்படி வில்லியம் நிக்கல்ஸன் என்ற ஓவியரை லட்யென்ஸ் ஏற்பாடு செய்தார். எழுபதைத் தாண்டிய அம்மையாரோ பகல் வெளிச்சத்தை வீணாக்க மாட்டேன், இருட்டியபின்தான் வந்து உட்காருவேன் என்று சொல்லிவிட்டார். பகலில் வேலையற்றிருந்த ஓவியர், அவருடைய தேய்ந்து சுருங்கிய தோட்டத்துப் பூட்ஸ் ஜோடியை எதிரே வைத்து, அதைத் தீட்டினார்.