சூட்டிலும் குளிர்கிற எஞ்சின்

வன்னி வண்டிகள் – 6

மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். 1990இல் பொருளாதாரத் தடை விழுந்த பிறகு, போத்தலில் பத்திரப்படுத்திய கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய காலம் அது. வெள்ளைப் புகை, மண்ணெண்ணெய் கலந்து இளகிப்போன எஞ்சின் ஒயில், பாரம் ஏற்றியதும் கேட்கும் தட்டல். இவற்றை வைத்தே மெக்கானிக் வருத்தம் என்னவென்று சொல்லிவிடுவார்.

இன்று பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்புக் கராச்சுகளுக்கு வருபவை வேறு வண்டிகள். கொமன் ரெயில் டீசல் எஞ்சின் பூட்டிய பழைய ஹைலக்ஸ், எல்200 போன்ற பிக்கப்புகள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வண்டிகளின் விலை ஏறியதே தவிர வேலை குறையவில்லை. நெல் மூட்டையும் மீன் பெட்டியும் அவற்றில்தான் போகின்றன. ஸ்லோவில் உதறினாலும் விற்றுவிட்டு வேறொன்று வாங்க ஆட்களிடம் காசில்லை.

முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றும் ஒரு ஹைலக்ஸ். காலையில் ஒழுங்காக ஸ்ரார்ட் ஆகும். பத்து மைல் ஓடிச் சூடான பிறகும் ஆர்.பி.எம். இறங்காது, உதறும், குளிர் எஞ்சின் போலத் தட்டும். டாஷ்போர்ட்டில் எஞ்சின் லைற் எரியவில்லை.

“அண்ணை, ஸ்கானர் போட்டுப் பாத்தவை, கோட் ஒண்டும் இல்லையாம். டீசல் பம்பைக் கழட்டோணும் எண்டு சொல்லுகினம்.”

“பம்பை விடு தம்பி. முதல்லை தண்ணிச் சூட்டைப் பாப்பம்.”

ரேடியேற்றரின் மேல் ஹோஸில் கை வைக்க முடியாத சூடு. ஸ்கானரின் நேரடி வாசிப்பிலோ 26 பாகை செல்சியஸ். பிணக்கு அங்கேதான் இருந்தது.

கூலண்ட் சென்சரின் வேலை எளிது. சூடு கூடக்கூட அதன் மின்தடை குறையும். டொயோட்டா சென்சர்களில் 20 பாகையில் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ஓம். 80 பாகையில் 200 முதல் 400 ஓம். எஞ்சின் கம்பியூட்டர் 5 வோல்ற் அனுப்பி, அந்தத் தடையைக் கொண்டு சூட்டைக் கணக்கிடுகிறது. சென்சர் பிளக்கைக் கழற்றினால், மண்டை பிளக்கும் வன்னி வெயிலிலும் ஸ்கானர் மைனஸ் 40 பாகை என்று காட்டும். அது கம்பி அறுந்ததற்கு ஒப்பு, உடனே கோட் விழும். ஆனால் பிளக்குக்குள் துரு ஏறி 1,700 ஓம் தடை சேர்ந்துவிட்டால்? சூடான எஞ்சினின் 300 ஓமோடு அதுவும் கூடி 2,000 ஆகிவிடும். கம்பியூட்டர் அதை விடியற்காலைக் குளிர் என்று நம்பி, குளிர் எஞ்சினுக்குரிய விதத்தில் டீசலை விடும், ஸ்லோவை உயர்த்தி வைக்கும். 26 பாகை என்பது நடக்கக்கூடிய எண்தானே? அதனால் லைற் எரிய வேண்டிய தேவை அதற்குத் தெரியாது.

பிளக்கைக் கழற்றி அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தபோது ஸ்கானர் 140 பாகைக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அப்போதே சென்சரில் குற்றமில்லை, பிளக்கிலோ வயரிலோதான் என்பது உறுதியாயிற்று. வெளிச்சம் பிடித்துப் பார்த்தால் ஒரு பின்னின் அடியில் பச்சைப் பூஞ்சணம் போலத் துரு. பக்கத்து வயரின் உறை வெடித்திருந்தது. கடற்காற்றும், பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணியும், பின்னேரங்களில் அலுப்போடு எஞ்சினைக் கழுவுகிற பழக்கமும் சேர்ந்து செய்த வேலை. பின்னைச் சுரண்டித் துப்புரவாக்கி, பழுதான வயர்த் துண்டை வெட்டி எறிந்து புதிதாக ஈயம் பற்றவைத்ததும் வாசிப்பு 84க்கு வந்தது, ஸ்லோவும் இறங்கியது.

இதற்காகத்தான் பம்பைக் கழற்ற இருந்தார்கள். கோட் விழுந்தால் அந்தப் பெயருள்ள சென்சரை மாற்றுவது, விழாவிட்டால் பெரிய சாமானில் கை வைப்பது என்ற வழக்கம் எங்கள் பக்கம் வேகமாகப் பரவுகிறது. மீன் வியாபாரி ஒருவரின் மாத உழைப்பு அப்படியே கரைந்துபோகிறது. கோட் விழுந்தாலும், அந்தச் சுற்றில் எங்கோ கோளாறு என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. சுற்று என்றால் சென்சர், பிளக், வயர், ஏர்த் எல்லாம். நெல் அறுவடை முடிந்து வண்டி கொட்டிலுக்குள் கிடந்தால் எலி கடித்த வயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏர்த்தைச் சோதிக்க ஸ்கானரும் தேவையில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைற்றைப் போட்டு, மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் வயரின் இரு பக்கமும் கழற்றி, இரும்பு மினுங்கும்வரை உரஞ்சிப் பூட்டுங்கள். ஒரு சென்சருக்கு மேல் ஒரே நேரத்தில் பிழை காட்டும் வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எல்லா உதறலும் வயரால் வருவதில்லை. டீசல் பில்டரில் தண்ணி, கிறவல் புழுதி படிந்த காற்றளவுச் சென்சர், கரி அடைத்த ஈ.ஜி.ஆர். வால்வு, பம்பிலுள்ள உறிஞ்சல் கட்டுப்பாட்டு வால்வு, ஒழுகும் இன்ஜெக்டர் என்று வரிசை நீளும். நாலு இன்ஜெக்டரில் ஒழுகுவது எது என்பதை நாலு வெற்றுப் போத்தல்களால் கண்டுபிடிக்கிற முறையை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் உங்கள் வண்டி எப்போது உதறுகிறது, குளிரிலா, சூட்டிலா, மழைக்குப் பிறகா, ஏ.சி. போட்டாலா என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கராச்சுக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.