ஜாமீன் கையெழுத்து

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து சிகந்தராபாத்திலும் ஹைதராபாத்திலும் குடியேறிய நமது குடும்பங்களில், மாதச் சம்பளக்காரர் ஒருவர் இருந்தால் போதும். அவரைத் தேடிக்கொண்டு ஒரு காகிதம் என்றேனும் வந்தே தீரும். சீட்டு எடுத்த மைத்துனர் கொண்டுவருவார். கடை வைக்கப்போகும் சித்தப்பா மகன் கொண்டுவருவார். கைமாற்றாகப் பணம் கேட்டு வருபவரிடம், மாதக் கடைசி என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஜாமீன் கேட்டு வருபவரோ பணமே கேட்கவில்லை. ஒரு கையெழுத்துத்தானே கேட்கிறார்! அதையும் மறுத்தால் உறவு என்னாவது என்று எண்ணி, காப்பி ஆறுவதற்குள் கையெழுத்திட்டு விடுகிறோம்.

நாம் இவ்வூருக்கு வந்து கற்ற வழக்கங்களில் ஒன்று 'இமாம் ஜாமின்' என்பது. நெடும்பயணம் புறப்படுபவரின் புஜத்தில், துணியில் முடிந்த ஒரு நாணயத்தைக் கட்டி அனுப்புவர் இவ்வூர் முஸ்லிம் குடும்பத்தார். இமாமே அப்பயணிக்குப் பொறுப்பு என்பது அதன் கருத்து. ஜாமின் என்னும் அரபுச் சொல்லுக்குப் பொறுப்பேற்பவர் என்று பொருள். அச்சொல்லே நமது தமிழில் ஜாமீனாக வழங்குகிறது. பயணி பத்திரமாகச் சேர்ந்ததும் அந்த நாணயத்தைத் தர்மம் செய்துவிடுவார்கள். பொறுப்பு அத்துடன் தீர்ந்தது. வங்கி ஜாமீன் அவ்வளவு எளிதில் அவிழ்வதில்லை.

சட்டம் சொல்வது யாதெனில், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாத வரையில், கடன் வாங்கியவருடைய பொறுப்பு எவ்வளவோ அவ்வளவே ஜாமீன்தாரருடைய பொறுப்பும் ஆகும். அசல், வட்டி, செலவு எல்லாம் அதில் அடங்கும். 'முதலில் அவரிடம் கேட்பார்கள். அவர் கொடுக்காவிட்டால்தானே நம்மிடம் வருவார்கள்' என்பது நம்மவரிடையே பரவலான எண்ணம். பாட்னா நீதிமன்றம் ஒன்றுங்கூட ஒருகால் அவ்வாறே தீர்ப்பளித்தது. பீகார் வங்கியில் ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றொருவர் ஜாமீன் நின்றிருந்தார். இருவர் மீதும் வங்கி வழக்குத் தொடர்ந்தது. கடனாளியிடம் வசூலிக்கும் வழிகள் யாவும் தீர்ந்த பின்னரே ஜாமீன்தாரரை நெருங்கலாம் என்று கீழ்க்கோர்ட்டு நிபந்தனை விதித்தது; உயர் நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. 1968-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. கடனாளியிடம் முயன்று பார்த்து ஓயும்வரை வங்கி காத்திருக்க வேண்டுமென்றால் ஜாமீன் வாங்குவதன் நோக்கமே கெட்டுப்போகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆகவே, கடனாளியை விட்டுவிட்டு, நிலையான சம்பளமுள்ள ஜாமீன்தாரரையே வங்கி முதலில் பிடிக்கலாம். பிடிப்பதும் சுலபம், அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும் அல்லவா?

சம்பளத்தில் எவ்வளவு ஜப்தி செய்யலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி, ஜீவனாம்சம் அல்லாத டிக்ரிகளில், சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு உட்படா. கணக்கில் சேரும் சம்பளம் 31,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் போக முப்பதாயிரம். அதில் 20,000 நமக்கு, 10,000 கடன்காரருக்கு. ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதங்கள் பிடித்த பிறகு, அந்த டிக்ரிக்காகச் சம்பளத்தில் மேலும் பிடிக்க இயலாது. அதற்குள் 2,40,000 ரூபாய் போயிருக்கும். சேமநல நிதியைச் சட்டம் காப்பாற்றுகிறது. சிறுகச் சிறுகக் கட்டிய வீட்டை அவ்விதம் காப்பாற்றுவதில்லை. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தில் 'கடன் பெற்றவர்' என்ற சொல்லுக்குள்ளேயே ஜாமீன்தாரரும் அடங்குகிறார். வீட்டை ஈடாக எழுதிக்கொடுத்து ஜாமீன் நின்றவர், 60 நாள் நோட்டீசுக்குப் பின் கோர்ட்டுத் தீர்ப்பு இன்றியே அதை இழக்க நேரலாம்.

கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1904-ஆம் ஆண்டு திரூரில் தொடங்கிய கூட்டுறவுக் கடன் சங்கத்தின் காலமுதல், ஒருவரையொருவர் அறிந்தவர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பதே இச்சங்கங்களின் உயிர்நாடி. அது நல்ல கொள்கையே. நம்மைப் போன்ற ரயில்வே ஊழியர்களில் இச்சங்கங்களால் பெண்ணுக்குக் கலியாணம் முடித்தவர்கள் பலர். ஆயினும், 'நீ எனக்கு, நான் உனக்கு' என்று இருவர் மாறி மாறி ஜாமீன் போடும் வழக்கம் விபரீதமானது. ஒருவர் வேலையை விட்டுப் போனால், மற்றவர் தம் தவணையையும் அவர் தவணையையும் சேர்த்துச் சுமக்கிறார். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று முன்னதாகவே எழுதிக்கொடுத்திருப்பதால், மேற்சொன்ன ஜப்திக் கணக்கும் அவருக்கு அரணாக நிற்பதில்லை.

இந்நகரில் இதனினும் அதிகமாக நம்மவரை இழுத்துவிடுவது ஏலச்சீட்டு. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டை எடுத்தவர் மீதித் தவணைகளுக்குப் போதிய பிணையம் கொடுத்தாக வேண்டும். அதற்காகவே சம்பளச் சான்றுடன் ஆள் தேடுகிறார்கள். மேட்டுகூடாவிலும் லாலாகூடாவிலும் ரயில்வே ஊழியர் என்றால் தனி மதிப்பு! சீட்டுக்காரருக்கு அசல் பாக்கி தெரியும், ஜாமீன்தாரருக்குத் தெரியாது. எடுத்தவர் ஓராண்டுக் காலம் ஒழுங்காகக் கட்டிவிட்டு நிறுத்துவார். பதிவாளர் அலுவலகத்து நோட்டீசு வந்த பிறகே நமக்குச் செய்தி எட்டும்.

வியாபாரக் கடனில் இன்னொரு கண்ணி உள்ளது. 'தொடரும் ஜாமீன்' என்று எழுதியிருந்தால், அது ஒரு கடனோடு முடிவதில்லை. அந்தக் கணக்கில் பின்னர் எடுக்கும் தொகைகளுக்கும் நீளும். இனி எடுப்பவற்றுக்கு நான் பொறுப்பல்ல என்று அறிவித்து விலகும் உரிமையை 130-ஆம் பிரிவு தருகிறது. ஆனால் வங்கியின் அச்சுப் படிவத்திலேயே அவ்வுரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டிருந்தால்? அவ்விதம் விட்டுக்கொடுத்தவர் பின்னர் அதைக் கோர முடியாது என்று 2008-இல் பஞ்சாப் நேஷனல் வங்கி சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது. பொடி எழுத்துக்களில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் விடுவதன் விலை அது. இக்காலத்தில் ஜாமீன் நின்ற கடனும் நமது கடன் வரலாற்று அறிக்கையில் ஏறுகிறது; உறவினர் தவணை தவறினால், நமது சொந்த வீட்டுக் கடன் மனு திரும்பி வரக்கூடும்.

பணத்தைக் கட்டிவிட்ட ஜாமீன்தாரருக்கு உரிமையே இல்லையா எனின், உண்டு. கட்டிய தொகையைக் கடனாளியிடம் திரும்பப் பெறலாம் (145-ஆம் பிரிவு). அவர் வங்கியில் வைத்த ஈடு நமக்கு வந்து சேரும் (141-ஆம் பிரிவு). கூட ஜாமீன் நின்றவர்கள் சமபங்கு ஏற்க வேண்டும் (146-ஆம் பிரிவு). ஏட்டில் இவை அழகாகவே இருக்கின்றன. தங்கை கணவர் மீது பிராது கொடுத்துவிட்டு, ஆடிக்கும் தீபாவளிக்கும் அந்தத் தங்கையை வீட்டுக்கு அழைப்பது எப்படி? கடன் கொடுத்துக் கெட்ட உறவைக் காட்டிலும் ஜாமீன் நின்று கெட்ட உறவு ஆறாதது என்பது நாம் கண்ட உண்மை. கொடுத்த கடனுக்காவது ஓர் எல்லை தெரியும்.

ஆதலால், இயன்ற ஒரு தொகையைத் திரும்பி வராது என்று எண்ணியே கையில் கொடுத்துவிட்டு, ஜாமீனை மறுப்பது மேல் என்பது நமது துணிபு. அதைச் சொல்லும் வாய் நம்மில் பலருக்கு இல்லை. மனைவியைக் கலந்து சொல்கிறேன் என்றாவது இரண்டு நாள் தள்ளலாம். மனைவியைக் கலக்கவும் வேண்டும். குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்தப்போகிறவர் அவரே. பையனின் படிப்புக்காக வரும் காகிதமாயின், அக்கடனுக்கு ஜாமீன் தேவைதானா என்று முதலில் வங்கியில் விசாரிக்க வேண்டும். 2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை அங்கீகரித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிலையங்களில் இடம் பெற்றவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இன்றியே கடன் உண்டு. தட்ட முடியாத இடமாயின், 'இத்தனை ரூபாய்க்கு மேற்படாமல்' என்று பொறுப்பின் உச்சத்தை எழுதச் சொல்லலாம். கடனாளியின் நகையோ நிலமோ ஈடாக ஏறிய பிறகு கையெழுத்திடலாம்.

ஏற்கெனவே கையெழுத்திட்ட அன்பர்கள், இன்றைய பாக்கி எவ்வளவு என்று வங்கிக்கு எழுதிக் கேட்கலாம். பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். ஜாமீன்தாரர் இறந்தாலும், அதுவரை ஏற்பட்ட பொறுப்பு அவர் விட்டுச்சென்ற சொத்தைத் தொடர்கிறது. வாரிசுகள் தமக்கு வந்த சொத்தின் அளவுக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார்கள். அந்நகலை ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தோடும் வீட்டுப் பத்திரத்தோடும் ஒரே பெட்டியில் வைத்து, பெட்டி இருக்கும் இடத்தை வீட்டாருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.