மெதுவாகிப் போன வீட்டுக் கணினி: காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியவை

ஆன் செய்துவிட்டுத் தேநீர் போட்டு, குடித்தும் முடித்து வந்து பார்த்தால் அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பல வீடுகளில் கம்ப்யூட்டரின் நிலை இதுதான். பிள்ளைகளின் பாடம், அரசு விண்ணப்பங்கள், வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவுடன் வீடியோ கால் என்று வீட்டின் பல வேலைகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. கடைக்குக் கொண்டுபோனால், "பழசாகிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்ற பதில் கிடைக்கும். இல்லையென்றால் வீட்டில் யாராவது "வேகத்தைக் கூட்டும் இலவச மென்பொருள்" ஒன்றை டவுன்லோடு செய்து போடுவார்கள்.

முதல் வழியில் பணம் வீணாகலாம். இரண்டாவது வழியில் பணத்தோடு பாஸ்வேர்டும் போகலாம். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள ஒரு கணினியைச் சரிசெய்யத் தேவையான கருவிகளில் பெரும்பாலானவை அதற்குள்ளேயே இருக்கின்றன. எது அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று முதலில் கண்டுபிடித்து, அதை மட்டும் சரிசெய்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் முன் படங்களைப் பத்திரப்படுத்துங்கள்

சில நேரம், கெட்டுப்போகத் தொடங்கிய ஹார்டு டிஸ்க்கின் முதல் அறிகுறியே இந்த மந்தம்தான். கணினிக்குள்ளிருந்து 'டிக் டிக்' என்று புதிதாகச் சத்தம் வந்தாலோ, நன்றாக இருந்த ஃபைல்கள் திறக்க மறுத்தாலோ வேறு எந்த வேலையிலும் இறங்காதீர்கள். குடும்பப் படங்கள், சான்றிதழ்கள், பாஸ்போர்ட் நகல்கள் ஆகியவற்றை ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ காப்பி எடுத்து வையுங்கள். கணினியை மீண்டும் வாங்கலாம். மறைந்துபோன பெரியவர்களின் படங்களை மீண்டும் எடுக்க முடியாது. சத்தம் எதுவும் இல்லாவிட்டாலும் இந்தக் காப்பி வேலையை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குவதே நல்லது.

1. 'ஷட் டவுன்' போதாது, 'ரீஸ்டார்ட்' கொடுங்கள்

"தினமும் ஆஃப் செய்கிறோமே" என்பீர்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி இருக்கிறது. இது ஆனில் இருக்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸ் தன் உட்பகுதியை முழுதாக மூடாது. அதன் அப்போதைய நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அங்கிருந்தே தொடரும். அதனால் பழைய சிக்கல்களும் கூடவே தொடரக்கூடும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் மூடப்பட்டுப் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறையாவது 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். சில கணினிகளுக்கு இந்த ஒன்றே போதுமானதாக இருக்கும்.

2. அடைப்பு எங்கே என்று பாருங்கள்

கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். சிறிய பெட்டியாக வந்தால் கீழே உள்ள 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று தலைப்புகளும் அவற்றின் மேல் சதவீதமும் தெரியும்.

ஆன் செய்த முதல் சில நிமிடங்களில் எல்லாம் உயரத்தில்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் விட்டுவிட்டு, எதையும் திறக்காமல் பாருங்கள்.

- டிஸ்க் எப்போதும் 100 சதவீதத்தை ஒட்டியே இருந்தால் அடைப்பு ஹார்டு டிஸ்க்கில்.
- மெமரி 80 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை.
- சிபியு ஓயாமல் உயரத்தில் இருந்தால் ஏதோ ஒரு புரோகிராம் விடாமல் வேலை செய்கிறது.

தலைப்பின் மேல் கிளிக் செய்தால், அதிகம் எடுத்துக்கொள்ளும் புரோகிராம் மேலே வந்து நிற்கும். அதன் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. தானாகத் தொடங்கும் புரோகிராம்களை நிறுத்துங்கள்

புதிதாக இன்ஸ்டால் செய்யும் பல மென்பொருள்கள், கணினி ஆன் ஆகும்போதே தாமும் தொடங்கும்படி அமைத்துக்கொள்கின்றன. பத்துப் பேர் ஒரே கதவில் நெருக்கினால் யாரும் சீக்கிரம் உள்ளே வர முடியாது அல்லவா? கணினி திறக்கத் தாமதமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போனால் பட்டியல் கிடைக்கும். பாட்டு, கேம், சாட் மென்பொருள்கள், பிரிண்டர் கம்பெனியின் கூடுதல் புரோகிராம்கள் போன்றவற்றை வலது கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். இதனால் எதுவும் அழிந்துவிடாது. தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். ஆன்டிவைரஸ், சவுண்டு, டச்பேட் தொடர்பானவற்றைத் தொடாதீர்கள். படங்கள் ஒன்டிரைவ் போன்ற சேவையில் தானாகச் சேமிக்கப்படுகின்றன என்றால் அதையும் விட்டுவிடுங்கள். எதற்கென்று தெரியாத பெயர் என்றால் விசாரிக்காமல் கை வைக்க வேண்டாம்.

4. இடத்தைக் காலி செய்யுங்கள்

சி டிரைவ் நிரம்பி வழிந்தால் விண்டோஸுக்கு மூச்சு முட்டும். அப்டேட் இறக்கவும், ரேம் போதாதபோது தற்காலிகமாக எழுதி வைக்கவும் அதற்கு அந்த இடம் வேண்டும். மொத்தத்தில் 15 சதவீதமாவது காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்' என்று போனால் எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று தெரியும். அங்கே 'டெம்பரரி ஃபைல்ஸ்' பகுதியில் தேவையற்றவற்றை டிக் செய்து நீக்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற பெயரும் இருக்கும். அதை டிக் செய்தால் நீங்கள் இறக்கி வைத்த ஹால் டிக்கெட், ரசீது எல்லாம் போய்விடும். தேவையானதை வேறு ஃபோல்டருக்கு மாற்றிய பிறகே அதைத் தொடுங்கள். 'ரீசைக்கிள் பின்' காலி செய்யப்படும் வரை அழித்த ஃபைல்களும் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

'டீஃப்ராக்' செய்யலாமா என்று பலரும் கேட்பதுண்டு. சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க்கிற்கு அது பயன்படும், எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை. எந்த வகைக்கு எது சரி என்று பார்த்து, வழக்கமாக வாரம் ஒருமுறை விண்டோஸே அதைச் செய்துவிடுகிறது. இதற்கென்று தனி மென்பொருள் வேண்டாம்.

5. பிரௌசரைக் கவனியுங்கள்

பல வீடுகளில் "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்பது உண்மையில் "பிரௌசர் ஸ்லோ" என்பதுதான். இருபது டேப் திறந்திருந்தால் 4 ஜிபி ரேம் தாங்காது. குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று காட்டும். செட்டிங்ஸில் 'மெமரி சேவர்' வசதியை ஆன் செய்தால், பார்க்காமல் கிடக்கும் டேப்களை அது ஓய்வில் வைக்கும்.

அடுத்து 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். யாரும் வேண்டுமென்று சேர்க்காத கூப்பன், வால்பேப்பர், வீடியோ டவுன்லோடர் வகைகள் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம். தேவையில்லாததை நீக்குங்கள். ஓயாமல் வரும் விளம்பரங்களும் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும்.

6. ஒரு காவல்காரர் போதும்

இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். ஒரே ஃபைலை இரண்டும் மாறிமாறிச் சோதித்துக் கணினியைத் திணறடிக்கும். காலாவதியான டிரையல் ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்கிவிடுங்கள். விண்டோஸுடன் வரும் 'டிஃபெண்டர்' இலவசம். வீட்டுப் பயன்பாட்டுக்கு அது போதும். 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து, இரவில் ஒரு 'ஃபுல் ஸ்கேன்' ஓட விடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாகத் தொடங்கும் முன்பே அது சோதிக்கும்.

'கிராக்' செய்த மென்பொருள், கேம் எல்லாம் வைரஸ் வீட்டுக்குள் வரும் வழிகள். காசு கொடுக்காமல் கிடைத்தது என்று பிள்ளைகள் மகிழ்வார்கள். பின்னணியில் உங்கள் மின்சாரத்தில் யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கும்.

7. "ஒரே கிளிக்கில் வேகம்" என்பதை நம்பாதீர்கள்

'பூஸ்டர்', 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' என்ற பெயரில் வருபவை "1,200 பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன" என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்திவிட்டுப் பிறகு பணம் கேட்கும். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்கிறது.

பெயர்பெற்ற மென்பொருளிலும் ஆபத்து வந்திருக்கிறது. 2017இல் 'சிகிளீனர்' மென்பொருளின் 5.33 பதிப்புக்குள் ஹேக்கர்கள் தீய நிரலைப் புகுத்தினார்கள். நிறுவனத்தின் சொந்த டவுன்லோடு வழியாகவே அது 22 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

"உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரையை அடைத்து வருவது மோசடி. அழைத்தால், உங்கள் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருளை இன்ஸ்டால் செய்யச் சொல்லி, அதன் எண்ணைக் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் வங்கிக் கணக்கு வரை போய்விடும். பிரௌசரை மூடுங்கள், மூட முடியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள். இந்தியாவில் பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

8. தூசியும் சூடும்

புராசசர் அதிகம் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பை மெத்தையிலோ தலையணையிலோ வைத்தால் காற்று போகும் துளைகள் அடைபடும். மேசையில் வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் மீதுள்ள தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

இவ்வளவு செய்தும் வேகம் வரவில்லையா?

அப்போதும் புதுக் கணினிதான் வழி என்று முடிவு கட்ட வேண்டாம். டாஸ்க் மேனேஜர் காட்டியதை நினைவில் கொள்ளுங்கள். டிஸ்க்தான் அடைப்பு என்றால் ஹார்டு டிஸ்க்கிற்குப் பதிலாக எஸ்எஸ்டி, ரேம்தான் அடைப்பு என்றால் கூடுதல் ரேம் போதும். இதற்குக் காசு ஆகும். ஆனாலும் புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. "இனி பயன்படுத்தவே முடியாது" என்று கடையில் சொன்னால் அது உண்மையல்ல. வீட்டுக் கணினிகளுக்கான பாதுகாப்பு அப்டேட்களை மேலும் ஓராண்டு நீட்டிக்க ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, செட்டிங்ஸைப் பேக்கப் செய்ய ஒப்புக்கொள்பவர்களுக்கு அது இலவசம். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான வசதி இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினி என்றால், 'லினக்ஸ் மின்ட்' என்ற இலவச இயங்குதளம் 2 ஜிபி ரேமிலும் ஓடும். 4 ஜிபி இருந்தால் நல்லது. எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் பிறகு இன்ஸ்டால் செய்யலாம்.

ஒரு விடுமுறை நாள் மாலையில் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, இவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள். ஒவ்வொரு படிக்குப் பின்னும் 'ரீஸ்டார்ட்' கொடுத்து, திறக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பலன் தந்தது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதன் பிறகும் கடைக்குப் போக நேர்ந்தால், என்ன கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டே போவீர்கள்.