வட்டியில்லாக் கடனில் இலாபம் உண்டா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

கடன் வாங்கியவர் வட்டி கட்ட வேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. கடன் வாங்கி, அதைக்கொண்டே வட்டி பெற்றவர்களும் உண்டு என்றால் நம்புவீர்களா? 2000-ஆம் ஆண்டுக்குப் பின் சில ஆண்டுகள் பிரிட்டனில் பலர் இதைச் செய்தனர். ‘ஸ்டூஸிங்’ என்று அதற்கு ஒரு பெயரும் வழங்கலாயிற்று. இதில் மாயம் ஒன்றும் இல்லை. பள்ளியில் படித்த தனிவட்டிக் கணக்கே போதும்.

முறை என்ன?

ஒரு வங்கியின் கிரெடிட் கார்டில், அதாவது கடன் அட்டையில், உள்ள பாக்கியை வேறொரு வங்கியின் அட்டைக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிய வாடிக்கையாளரைப் பிடிக்கும் போட்டியில், “எங்களிடம் மாற்றுங்கள், ஓராண்டுக்கு வட்டி இல்லை” என்று வங்கிகள் அழைத்தன. கணக்கறிந்தவர் என்ன செய்தார்? வீட்டுச் செலவுகளை முதல் அட்டையில் செய்தார். சம்பளத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தார். சேர்ந்த பாக்கியை வட்டியில்லா அட்டைக்கு மாற்றினார். செலவழிந்திருக்க வேண்டிய சம்பளம் கணக்கிலேயே இருந்து வட்டி ஈட்டியது. கெடு முடியுமுன் பாக்கியைத் தீர்த்துவிட்டு, வட்டியைத் தாம் வைத்துக்கொண்டார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

2007 ஜூலையில் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 5.75 சதவீதம். ஆகவே சேமிப்புக்கு 5 சதவீதம் கிடைத்ததாகக் கொள்வோம். 5,000 பவுண்டுக்கு ஓராண்டு வட்டி 250 பவுண்டு. ஆனால் வட்டியில்லாக் கடனுக்கும் மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகை கட்டியாக வேண்டும். அது பாக்கியில் 2 சதவீதம் என்றால், கையிருப்பு மாதாமாதம் கரைந்து, வட்டி சுமார் 224 பவுண்டாகக் குறையும். அன்று அந்நாட்டில் சேமிப்பு வட்டிக்கு 20 சதவீத வரி உண்டு. அது போக மிச்சம் 179.

மாற்றுவதற்குக் கட்டணம் இல்லையெனில் இது முழுவதும் இலாபமே. 3 சதவீதக் கட்டணம் இருந்தாலோ, 150 பவுண்டு அதற்கே போய்விடும். எஞ்சுவது 29 பவுண்டு!

2009 மார்ச்சில் அடிப்படை வட்டி 0.5 சதவீதமாக இறங்கியது. சேமிப்புக்கு 1 சதவீதமே கிடைத்தால், இதே கணக்கில் ஆண்டு வட்டி 45 பவுண்டுதான். 150 பவுண்டு கட்டணம் கொடுத்தவருக்கு நட்டமே மிஞ்சும்.

எங்கே சறுக்கும்?

ஒரு மாதம் கட்டத் தவறினால் அபராதம் விழும். வட்டியில்லாச் சலுகையும் பறிபோகலாம். பிறகு ஆண்டுக்கு 18 சதவீதம் என்றால், 5,000 பவுண்டுக்கு ஒரு மாத வட்டியே 75 பவுண்டு. ஓராண்டு காத்த 29 பவுண்டு எந்த மூலைக்கு?

அதே அட்டையில் புதிதாகப் பொருள் வாங்கினால் அதற்குச் சாதாரண வட்டி ஓடக்கூடும். முன்பெல்லாம் நாம் கட்டும் பணத்தை வட்டியில்லாப் பாக்கியிலேயே வங்கிகள் முதலில் கழிப்பதுண்டு. வட்டியுள்ள பாக்கி வளர்ந்துகொண்டே இருக்கும். குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கட்டுவதை அதிக வட்டியுள்ள பாக்கிக்கே முதலில் வரவு வைக்க வேண்டும் என்று அமெரிக்கா 2009-இல் சட்டம் செய்தது.

வங்கிக்கு என்ன ஆதாயம்?

கட்டணம் ஒரு வரவு. பெரிய வரவு வேறு. பாக்கியை மாற்றும் எல்லோரிடமும் சேமிப்பு இருப்பதில்லை. கடன் தாங்காமல் மாற்றுகிறவர் பலர். கெடு முடிந்தும் தீர்க்க இயலாத அவர்கள் கட்டும் வட்டியை நம்பித்தான் சலுகையே அளிக்கப்படுகிறது. கணக்கறிந்தவர் பெற்ற 179 பவுண்டு, வங்கி மனமிரங்கித் தந்ததன்று. இடறி விழுந்தவர்கள் கட்டிய பணம் அது.

நம் நாட்டிலும் கடன் அட்டைப் பாக்கிக்கு வட்டியில்லாத் தவணைத் திட்டங்கள் வந்தன. அவற்றில் வட்டி வேறு கட்டணத்தின் பெயரில் மறைந்திருக்கிறது என்று 2013-இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது.

நம்மில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். ஊரில் அச்சடித்த தாள் எது வந்தாலும், “தம்பி, இதில் என்ன போட்டிருக்கு?” என்று நம்மிடமே நீட்டுவார்கள். அப்போது வட்டி எவ்வளவு என்பதோடு நிற்க வேண்டாம். கட்டணம் எவ்வளவு, கடைசி நாள் எது, ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும் என்ற மூன்றையும் தேடிப் படித்துச் சொல்வோம். நாம் கற்ற கணிதத்துக்கு அதைவிட நல்ல பயன் வேறென்ன?