கொட்டகையில் நின்ற மோட்டார் சைக்கிளுக்குக் குறைந்த செலவில் இன்ஷூரன்ஸ்

அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ள ஊர் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் தங்கிப் பணி செய்த ஊர் என்றும், அடைக்கல மாதா திருத்தலம் என்றும் வெளியூரார் இதனை அறிவர். உள்ளூராருக்கு இது நெல்லும் கரும்பும் விளையும் பூமி. உர மூட்டை, பால் கேன், ஆட்டுக்குத் தழை, பம்பு செட்டுக்கு வேண்டிய சாமான் ஆகியவை இன்று வயலுக்கும் வீட்டுக்கும் போய்ச் சேருவது பெரும்பாலும் மொபெட்டிலும் மோட்டார் சைக்கிளிலும்தான்.

வண்டி இருந்தும் சில ஆண்டுகள் ஓட்டாமல் நிறுத்திவிட்ட விவசாயிகளும் உண்டு. வெளிநாட்டு வேலைக்குப் போனவர், கால் முறிவோ கண் கோளாறோ வந்து ஓய்வில் இருந்தவர், திருப்பூர், சென்னை என்று பிழைப்புத் தேடிச் சென்றவர் எனக் காரணங்கள் பல. கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிய வண்டியை மீண்டும் வெளியே எடுக்கும்போது டயர், பாட்டரி, பிரேக் கட்டை ஆகியவற்றுக்குத் தயங்காமல் செலவு செய்கிறார்கள். இன்ஷூரன்ஸ் என்றதும் கை பின்வாங்குகிறது. இத்தனை ஆண்டுப் பாக்கியையும் சேர்த்துக் கேட்பார்களோ என்பது ஒரு பயம். பழைய வண்டிக்கு எதற்கு இவ்வளவு பணம் என்பது இன்னொரு எண்ணம். விவரம் தெரிந்துகொண்டால் இரண்டும் தேவையில்லை.

நிலத்துக்குப் போடும் வேலி

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 146-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வண்டியால் பிறருக்கு ஏற்படும் சாவு, காயம், சேதம் ஆகியவற்றுக்கான நஷ்டஈட்டைக் காப்பீட்டுக் கம்பெனி ஏற்றுக்கொள்வதே இதன் பொருள். காப்பீடு இல்லாமல் ஓட்டினால், 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, முதல் முறை ரூ.2,000, மறுமுறை ரூ.4,000 அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு.

ஆனால் அபராதம் சிறிய விஷயம். பெரிய ஆபத்து வேறு. இப்பகுதிச் சாலைகளில் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓடுகின்றன. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. திருத்தலத்துக்கு வரும் பக்தர்கள் சாலையோரம் நடக்கிறார்கள். லாரிக்கு ஒதுங்கும்போது வண்டி ஒருவர் மீது மோதிவிட்டால் என்ன ஆகும்?

மாதம் ரூ.12,000 சம்பாதித்து வந்த 38 வயதுத் தொழிலாளி ஒருவர் அவ்விபத்தில் இறந்துவிட்டதாகவும், அவரை நம்பி நான்கு பேர் இருந்ததாகவும் வைத்துக்கொள்வோம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கணக்கிடும் முறையை உச்ச நீதிமன்றம் 2009-ல் சர்லா வர்மா வழக்கிலும், 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்துத் தந்துள்ளது. ஆண்டு வருமானம் ரூ.1,44,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் ரூ.2,01,600. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் ரூ.1,51,200. அந்த வயதுக்கு உரிய 15-ஆல் பெருக்கினால் ரூ.22,68,000. ஈமச் செலவு முதலியவை இதற்கு மேல்.

காப்பீடு இருந்தால் இத்தொகையைக் கம்பெனி கட்டும். இல்லையேல் வண்டிக்காரர் கட்ட வேண்டும். கட்டத் தவறினால், அதே சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி, தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பும். கலெக்டர் அதை நிலவரிப் பாக்கி வசூலிப்பது போலவே வசூலிப்பார். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு இதன் பொருள் விளங்காமல் போகாது. மூன்றாம் நபர் காப்பீடு வண்டிக்குப் போடும் காப்பீடு என்பதைவிட, நிலத்துக்குப் போடும் வேலி என்பதே சரி.

விட்டுப்போன ஆண்டுகளுக்குப் பாக்கி இல்லை

வரிப் பாக்கி போல இன்ஷூரன்ஸ் பாக்கி சேருவதில்லை. ஐந்தாண்டு வண்டி நின்றிருந்தாலும் அந்த ஐந்தாண்டுப் பிரீமியத்தைக் கம்பெனி கேட்காது. இன்று கட்டினால் பாலிசியில் குறிப்பிட்டுள்ள நாள், நேரத்திலிருந்து ஓராண்டுக்குக் காப்பீடு. அதற்கு முன் நடந்த விபத்துக்கு அது பொருந்தாது. ஆகவே வண்டியை முதன்முதலில் சாலைக்கு எடுக்கும் முன்பே பாலிசி கையில் இருத்தல் வேண்டும். மெக்கானிக் கடைக்கு ஓட்டிச் செல்வதும் சாலையில் ஓட்டுவதே.

இடைவெளி விழுந்ததால் இழப்பது ஒன்று உண்டு. விபத்து நஷ்டம் கேட்காதவர்களுக்குத் தரப்படும் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை உயரும். பாலிசி முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது போய்விடும். ஆனால் இந்த போனஸ் சொந்த வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில்தான் கழிக்கப்படும். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அது கிடையாது. ஆகவே அதில் இழப்பும் இல்லை.

கட்டணம் எங்கும் ஒன்றே

பிரிட்டன் போன்ற நாடுகளில் ஓட்டுநரின் வயது, ஊர், எத்தனை ஆண்டு விபத்தின்றி ஓட்டினார் என்பதை எல்லாம் பார்த்துக் கம்பெனிகளே கட்டணம் வைக்கின்றன. பல ஆண்டு ஓட்டாமல் திரும்பி வருபவர் அங்கே கூடுதலாகக் கட்ட நேரிடும். இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. கட்டணத்தை மத்திய அரசே அறிவிக்கிறது. பார்ப்பது எஞ்சினின் சி.சி. அளவு மட்டுமே. ஓட்டுபவருக்கு வயது 25 ஆனாலும் 65 ஆனாலும், வண்டி புதிதானாலும் பழையதானாலும் ஒரே கட்டணம்.

2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆண்டுக் கட்டணம் வருமாறு:

75 சி.சி. வரை: ரூ.538
75-க்கு மேல் 150 சி.சி. வரை: ரூ.714
150-க்கு மேல் 350 சி.சி. வரை: ரூ.1,366
350 சி.சி.க்கு மேல்: ரூ.2,804

இவற்றோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும். டி.வி.எஸ். 50, எக்ஸ்.எல். சூப்பர் போன்ற சிறிய மொபெட்டுகள் முதல் வகையைச் சேர்ந்தவை. வரியுடன் சுமார் ரூ.635. எக்ஸ்.எல். 100, ஸ்பிளெண்டர் போன்றவை இரண்டாம் வகை. வரியுடன் சுமார் ரூ.843. அதாவது நாளொன்றுக்கு இரண்டரை ரூபாய்க்கும் குறைவு. ஒரு முறை பிடிபட்டுக் கட்டும் அபராதத்தில் இரண்டாண்டுப் பிரீமியம் அடங்கிவிடும். அரசு கட்டணத்தை அவ்வப்போது மாற்றி அமைக்கக்கூடும் என்பதால், பணம் கட்டும் நாளில் நடப்பு விகிதத்தைக் கேட்டுக்கொள்வது நலம்.

கூடும் செலவு எங்கே?

அப்படியானால் ஒருவருக்கு ரூ.843, மற்றொருவருக்கு ரூ.2,000 என்று பில் வருவது ஏன்? கூடுதலாகச் சேர்க்கப்படும் அம்சங்களால்தான். சிக்கனம் செய்ய வேண்டிய இடம் இதுவே.

முதலாவது, சொந்த வண்டியின் சேதம், திருட்டு ஆகியவற்றுக்கான காப்பீடு. இது கட்டாயம் அல்ல. 2007 ஜனவரி முதல் இதன் கட்டணத்தைக் கம்பெனிகளே நிர்ணயிப்பதால் இடத்துக்கு இடம் வேறுபடும். வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் கழிக்கப்பட்டு, நான்காண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் பாதியாகிவிடும். அதற்கு மேற்பட்ட வண்டிக்குக் கம்பெனியும் உரிமையாளரும் பேசி மதிப்பை முடிவு செய்ய வேண்டும். நீண்ட காலம் நின்ற வண்டியைக் கம்பெனி பார்வையிட்ட பிறகே இக்காப்பீட்டைத் தரக்கூடும். பத்தாயிரத்துக்கும் பதினைந்தாயிரத்துக்கும் விலை போகும் பழைய வண்டிக்கு இதைச் சேர்ப்பதா என்று கணக்குப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, வண்டிச் சொந்தக்காரருக்கான விபத்துக் காப்பீடு. தொகை ரூ.15 லட்சம். வண்டி ஓட்டும் உரிமையாளருக்கு இது அவசியம். 2019 முதல் இதைத் தனியாகவும் வாங்கலாம். இரண்டு வண்டி உள்ளவர் இருமுறை வாங்க வேண்டியதில்லை. ரூ.15 லட்சத்துக்கு வேறு தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருப்பவரும் வாங்க வேண்டியதில்லை. இதன் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து வாங்குவது நல்லது. லைசென்ஸ் காலாவதியாகி இருந்தால் இதன் பயன் குடும்பத்துக்குக் கிடைக்காது என்பதை மறக்கக் கூடாது.

பின்னால் அமர்பவரை மறக்க வேண்டாம்

மனைவியையோ மகனையோ பின்னால் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போகாத விவசாயி இல்லை. கட்டாய மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தால், இலவசமாகப் பின்னால் அமர்ந்து வருபவருக்கு அது பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் திலக் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. சொந்தச் சேதமும் சேர்ந்த முழுப் பாலிசி என்றால் அவருக்கும் பொருந்தும். முழுப் பாலிசி எடுக்க வசதியில்லாதவர், பின் இருக்கைக்காரருக்கான விபத்துக் காப்பீட்டைச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இதற்கு இன்னொரு மலிவான துணையும் உண்டு. 2015-ல் தொடங்கிய பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.20 மட்டுமே கட்டணம். 18 முதல் 70 வயதுக்கு உட்பட்டு, வங்கி அல்லது அஞ்சலகக் கணக்கு உள்ள எவரும் சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ ரூ.2 லட்சம், பகுதி ஊனத்துக்கு ரூ.1 லட்சம். வீட்டில் உள்ள வயது வந்த அனைவரையும் இதில் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம். கட்டணம் கணக்கில் பிடிக்கப்படும் மே மாதக் கடைசியில் ரூ.20 இருப்பு இருக்க வேண்டும்.

பாலிசி மட்டும் போதாது

நீண்ட நாள் கழித்து ஓட்டுபவர் மூன்று தாள்களைச் சரிபார்த்தல் வேண்டும்.

லைசென்ஸ்: காலாவதியாகி ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் புதுப்பிக்கலாம். ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டிக்காட்டித் தேர்வு பெற வேண்டும். லைசென்ஸ் இன்றி ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டுக் கம்பெனி நஷ்டஈட்டைக் கட்டிவிட்டுப் பிறகு அத்தொகையை வண்டிக்காரரிடம் வசூலிக்க 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கின் தீர்ப்பு வழி செய்துள்ளது. அப்போது போட்ட வேலியில் பெரிய துளை விழுந்ததாகிவிடும்.

ஆர்.சி. புத்தகம்: சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இதற்கு 25-ஆம் எண் படிவம். வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டும்போது நடப்பு இன்ஷூரன்ஸையும் புகைச் சான்றையும் கேட்பார்கள். ஆகவே இன்ஷூரன்ஸ் முதலில், ஆர்.சி. அடுத்து என்ற வரிசையில் செல்வது வசதி.

உரிமையாளர் பெயர்: தகப்பனார் காலமான பிறகும் வண்டி அவர் பெயரிலேயே நிற்பது கிராமங்களில் சாதாரணம். வாரிசு மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்துப் பெயர் மாற்ற வேண்டும். மேலே கூறிய ரூ.15 லட்சம் பதிவு பெற்ற உரிமையாளருக்கு உரியது. வண்டி தகப்பனார் பெயரில் இருக்கும்வரை அது மகனுக்கு உதவாது.

ஐந்தாண்டு பாலிசிக்காரர்கள் கவனத்துக்கு

உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் விற்கும் புதிய இரு சக்கர வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. வாங்கும்போது கட்டியாகிவிட்டது என்ற நினைப்பிலேயே பலர் இருந்துவிடுகிறார்கள். 2019-ல் வாங்கிய வண்டிக்கு 2024-லேயே அது முடிந்துவிட்டது. சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டுமே இருந்திருக்கும். பாலிசித் தாளில் இரு பகுதிகளுக்கும் தேதி தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கே வாங்குவது?

யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளிலும், தனியார் கம்பெனிகளிலும் வாங்கலாம். ஏஜெண்டு, பொது சேவை மையம், கம்பெனியின் இணையதளம் ஆகிய வழிகள் உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும் என்பவர் அதைத் தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மற்றவையும் சேர்ந்து வரும்.

அரசு விகிதத்துக்கும் குறைவாகப் பாலிசி தருவதாக ஒருவர் சொன்னால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும், போலித்தாளாக இருக்கக்கூடும். பாலிசி கிடைத்ததும் வண்டி எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண், சி.சி., பெயர் ஆகியவற்றை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுதல் அவசியம். சில நாள் கழித்து எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீட்டுத் தேதி தெரியும். தெரியாவிட்டால் கம்பெனி அலுவலகத்தில் பாலிசி எண்ணைச் சொல்லி விசாரித்துவிட வேண்டும். நியாயமான நஷ்டஈடு மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனியிடமும், பின்னர் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் கட்டணமின்றி முறையிடலாம்.

விதைப்புக்கு முன் வரப்பைக் கட்டுவது போல, வண்டியை வெளியே எடுக்கும் முன் இன்ஷூரன்ஸைக் கட்டிவிடுதல் வேண்டும். கையில் பணம் குறைவாக இருந்தால் கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு, சொந்தக்காரர் விபத்துக் காப்பீடு, ரூ.20 திட்டம் ஆகிய மூன்றை மட்டும் எடுத்து, லைசென்ஸையும் உயிர்ப்பித்துக்கொண்டால் சிறு விவசாயிக்கு அது போதுமான காவல். மற்றவற்றை அடுத்த அறுவடைக்குப் பிறகு யோசிக்கலாம்.