தலைகள் விலகும் கணம்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆறு கிரகங்கள் வானத்தில் அணிவகுக்கப் போவதாகப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ஓயாமல் முழங்கிக்கொண்டிருந்த நாட்களில், ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், தம் சேமிப்பைக் கொண்டு 15 சென்டிமீட்டர் ஆடியுடைய தொலைநோக்கி ஒன்றை வாங்கி, ஸ்ரீபெரும்புதூரில் தாம் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் நிறுத்தி, வியாழனைச் செல்பேசியால் படம்பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். கரும்பலகையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தாற்போல ஒரு வெள்ளை வட்டம், வேறொன்றும் இல்லை. "சார், கண்ணால பார்க்கிறப்ப ரெண்டு பட்டை நல்லாத் தெரியுது. போட்டோவுல ஒண்ணுமே இல்லை. டெலஸ்கோப்புல கோளாறா, என் கையில கோளாறா?" என்று கேட்டிருந்தார்.

அணிவகுப்பு என்ற அந்த ஆரவாரத்தில் விசேஷம் அதிகமில்லை. ஆறில் யுரேனஸும் நெப்டியூனும் நகரத்து வானில் வெறுங்கண்ணுக்குப் புலப்படாதவை. மற்ற நான்கும் என்றும் செல்லும் ராசிவீதியிலேயே சென்றுகொண்டிருந்தன. ஆனாலும் அது ஓர் இளைஞரைத் தொலைநோக்கியின் அருகே கொண்டுவந்து நிறுத்தியது என்பதால் அதன்மேல் எனக்குக் கோபமில்லை. மலிவான தொலைநோக்கிகளின் பெட்டியில் ஐந்நூறு மடங்கு பெருக்கம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு விற்கிறார்களே, அதுதான் அநியாயம். 15 சென்டிமீட்டர் ஆடியில் முந்நூறு மடங்குக்கு மேற்பட்ட பெருக்கம், மங்கலைத்தான் பெரிதாக்கிக் காட்டும்.

வெள்ளை வட்டத்துக்குக் காரணம் எளிது. கேமரா தானாக ஒளியளவைத் தீர்மானிக்கும்போது, சுற்றிலுமுள்ள இருளைக் கண்டு, காட்சி முழுதும் இருண்டது என்று முடிவுகட்டி, வெளிச்சத்தை அளவுக்குமேல் வாங்கிக்கொள்கிறது. திரையில் கிரகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் பட்டைகள் வந்துவிடும். மறுநாளே அவருக்கு வந்துவிட்டன. ஆனால் இப்போது அவை ஓடும் நீருக்கடியில் கிடக்கும் காசைப்போல நெளிந்தன. என் மனத்தைப் பல ஆண்டுகளாகக் கவர்ந்திருக்கும் விஷயம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

நம் தலைக்குமேல் உள்ள வாயுமண்டலம் ஒரே சீரான கண்ணாடித் தகடன்று. சூடும் குளிர்ச்சியுமாகக் கலந்த எண்ணற்ற காற்றுத் துண்டுகளாலானது. ஒவ்வொரு துண்டும் தனக்குள் ஒளியை ஒழுங்காகவே அனுப்பும். அடுத்த துண்டோ அதைச் சற்றே வேறு பக்கம் திருப்பும். எத்தனை அகலம் வரை காற்று ஒரே சீராக இருக்கிறதோ, அந்த அகலம்தான் அன்றைய இரவின் யோக்கியதையை நிர்ணயிப்பது. நல்ல மலையுச்சியில் அது 10 சென்டிமீட்டருக்கு மேலும் இருக்கும். பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் தளத்தின்மேல் 3 சென்டிமீட்டராகவும் சுருங்கிவிடும்.

ஸ்ரீபெரும்புதூர்க்காரருக்கு இதைச் சித்திரைத் திருவாதிரையைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். வைணவ ஆசாரியரான எம்பெருமானார் அவதரித்த திருநாளையொட்டிய உற்சவத்தில் புறப்பாடு வருகிறது; வீதியோரத்தில் நிற்பவனுக்கும் அந்தத் திருமுகத்துக்கும் நடுவே எத்தனையோ தலைகள். மெல்லிய கீற்றளவு கண்டால் போதும் என்பவனுக்கு ஒரு தலை விலகினால் தரிசனம் கிடைத்துவிடும். திருமுகம் முழுவதையும் ஒருசேரக் காண விரும்புபவனுக்கோ, எதிரேயுள்ள இருபத்தைந்து தலைகளும் ஒரே கணத்தில் விலக வேண்டும். சிறிய தொலைநோக்கி முன்னவனைப் போன்றது, பெரியது பின்னவனைப் போன்றது. 15 சென்டிமீட்டர் ஆடியின் எதிரே 3 சென்டிமீட்டர் காற்றுத் துண்டுகள் இருந்தால், குறுக்கே ஐந்து, பரப்பளவில் இருபத்தைந்து. அவை அத்தனையும் தற்செயலாக ஒத்துப்போகும் கணம் எத்தனைக்கு ஒன்று என்று டேவிட் ஃபிரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1978இல் கணக்கிட்டார். குறுக்கே ஐந்தானால் ஒன்பதில் ஒன்று, ஏழானால் ஏறக்குறைய முந்நூற்றெழுபதில் ஒன்று, பத்தானால் பத்து லட்சத்தில் ஒன்று! அதே மாடியில், அதே காற்றில், இரண்டு மடங்கு பெரிய தொலைநோக்கியை வைத்தவருக்கு, ஒன்பதில் ஒன்றாயிருந்த பாக்கியம் பத்து லட்சத்தில் ஒன்றாகிவிடுகிறது. இந்தக் கணக்கை முதன்முதல் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்தக் கணம் நீடிப்பது ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்களவே. ஆகையால் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு அதிருஷ்டத்தை நோவதில் பயனில்லை. வீடியோ எடுக்க வேண்டும். வினாடிக்கு 60 படமாக இரண்டு நிமிஷம் எடுத்தால் 7,200 படங்கள். அதற்கு மேல் நீட்டலாகாது. பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும் வியாழன், அதற்குள் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். இந்த 7,200இல் தெளிந்தவை 400ஐப் பொறுக்கியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்பதற்கு ஆட்டோஸ்டாக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருள்கள் உண்டு. திருமேனி தோளுக்குத் தோள் அசைந்து வருவதைப்போல பிம்பம் அலைபாய்வதை அவை சரிசெய்கின்றன. ஒரு நொடியில் கிரீடமும் மறுநொடியில் மாலையுமாகக் கண்டவற்றை மனம் ஒரே வடிவமாகச் சேர்த்துக்கொள்வதைப்போல, படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தெளிந்த கணங்களைத் தனித்தனியே தேர்கின்றன. கற்பூரப் புகைபோல் படர்ந்திருக்கும் புள்ளிப் புள்ளியான இரைச்சல், 400 படங்களின் சராசரியில் இருபதில் ஒன்றாக அடங்கிவிடுகிறது. இல்லாத ஒன்றை இங்கே யாரும் வரைந்து சேர்ப்பதில்லை. சந்திரனை நோக்கிப் பிடித்தால் தாம் முன்பே கற்ற விவரங்களைப் பூசி நிரப்பும் செல்பேசிகளின் சாமர்த்தியத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, பொய்க்கும் மெய்க்கும் உள்ள வேற்றுமையே. ஆனால் கடைசியில் கூர்மையேற்றும்போது கை எல்லை மீறினால் இல்லாத வளையங்கள் தோன்றும். அங்கே நிதானம் வேண்டும்.

சரித்திரத்தைக் கேட்பவர்களுக்காகச் சிறிது. காற்றின் நடுக்கத்துக்கு மலையுச்சியின் அமைதியே மருந்து என்று 1704இலேயே நியூட்டன் எழுதிவிட்டார். சூரிய ஆராய்ச்சிக்கு 1899இல் கொடைக்கானலில் ஆய்வகம் எழுந்தது. உதயப்பூரில் சூரிய ஆய்வகத்தை ஏரியின் நடுவேயுள்ள தீவிலேயே கட்டினார்கள். நீர் மெல்லச் சூடாகி மெல்லக் குளிர்வதால் அதன்மேல் காற்று கலங்குவது குறைவு.

ஒரகடம் சாலையின் விளக்கு வெள்ளத்தில் வானத்தை என்ன படம்பிடிக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. நெபுலாக்களுக்கு அந்த ஒளி விரோதி. பிரகாசமான கிரகங்களுக்கு அதனால் யாதொரு பாதகமும் இல்லை. பாதகமெல்லாம் வெப்பத்தால்தான். மேலும் 13 பாகை அட்சரேகையிலுள்ள நமக்கு, லண்டன்வாசிக்கு இல்லாத அனுகூலம் ஒன்று உண்டு. ராசிவீதியின் தென்கோடியில் இருக்கும் கிரகம் அவருக்கு உச்சவேளையிலும் 15 பாகை உயரமே எழும்பும். நமக்கோ 53 பாகைக்குக் குறையாது. நம்மைவிட மூன்று மடங்கு தடித்த காற்றின் ஊடே அவர் பார்க்கிறார். பிலிப்பைன்ஸின் செபு நகரில், 10 பாகை அட்சரேகையில், கிறிஸ்டோபர் கோ என்ற அமெச்சூர் 28 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் 2006இல் வியாழனில் இரண்டாவது செம்புள்ளி ஒன்று உருவாகியிருந்ததைக் கண்டு உலகுக்குச் சொன்னார். நம் ஊர் வெப்பம்தான் அவருக்கும்.

பிப்ரவரியில் ஓர் இரவு, மாடியை விட்டு இறங்கி, நானும் அந்த இளைஞரும் தொலைநோக்கியை ஏரிக்கரைக்குத் தூக்கிச் சென்றோம். ஆடி வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வரும்வரை ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் குழாயைக் கையால் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொடுக்க, கண்ணருகு வில்லையோடு பிணைத்த செல்பேசியில் வியாழன் ஊர்ந்தது, நெளிந்தது, திடீரென ஒருமுறை நின்றது, பட்டையின் ஓரத்துப் பிசிறுகூடத் தெரிய. மறுநொடி மறுபடியும் நெளிந்தது.

வீடு திரும்பிக் கணினியில் பொறுக்கியபோது, "எங்க லைன்ல ஆயிரத்துக்கு ரெண்டு ரிஜெக்ட் ஆனாலே மீட்டிங் போடுவாங்க சார்" என்றார். 6,800 படங்களைத் தள்ளிவிட்டு அவர் எடுத்த வியாழனில் கபில நிறத்தில் இரண்டு பட்டைகளும், ஊசி முனையளவு ஒரு கரும்புள்ளியும் இருந்தன. கேமராவில் தூசி என்று அவர் எண்ணினார். தூசியானால், கிரகம் சட்டத்தில் அலைந்தவாறே இருந்தபடியால், அடுக்கும்போது கரைந்து போயிருக்கும். இருபது நிமிஷம் கழித்து எடுத்திருந்த இன்னொரு வீடியோவையும் அடுக்கிப் பார்த்தோம். வட்டத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்கு தூரம் அந்தப் புள்ளி நகர்ந்திருந்தது. அது அயோ என்ற உபகிரகத்தின் நிழல்.