மயில்துத்தமும் அன்னபேதியும்: நிறம் சொல்லும் செய்தி

பட்டுக்குப் பெயர் பெற்ற நமது பிள்ளையார்பாளையத்தில் சாயத்தின் அருமை தெரியாதவர் இல்லை. ஆனால் நாம் கடையில் விற்கும் மயில்துத்தத்துக்கு நீலமும், அன்னபேதிக்கு இளம்பச்சையும் எப்படி வந்தன என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு. இதைத் தெரிந்து கொள்வது வியாபாரத்துக்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது.

செம்பு, இரும்பு, குரோமியம், நிக்கல் முதலியவை இடைநிலை உலோகங்கள். இவை தண்ணீர், அம்மோனியா போன்றவற்றைத் தம்மைச் சுற்றி நிறுத்திப் பிடித்துக் கொள்ளும். இவ்வாறு உண்டாவதே அணைவுச் சேர்மம். 1893-இல் இதை விளக்கிய சூரிச் நகரப் பேராசிரியர் ஆல்பிரட் வெர்னர், 1913-இல் நோபல் பரிசு பெற்றார். நடுவில் உள்ள உலோகம் ஒன்றே ஆனாலும், சுற்றி நிற்பவை மாறினால் நிறமும் மாறும்.

மயில்துத்தம்: இது செம்பின் உப்பு. இதன் நீலத்துக்குக் காரணம் அதனுள் இருக்கும் தண்ணீர். நன்றாகச் சூடாக்கினால் தண்ணீர் போய் வெள்ளைத் தூளாகிவிடும். ஒரு சொட்டு நீர் பட்டால் மறுபடி நீலமாகும். கரைசலில் துரு இல்லாத இரும்பு ஆணியைப் போட்டால் ஆணியின் மேல் செம்பு படியும். ஆகவே இதை இரும்பு டப்பாவில் வைக்கக் கூடாது.

அன்னபேதி: இது இரும்பின் உப்பு. ஈரக்காற்று பட்டால் பச்சை மாறிப் பழுப்பாகும். பழுப்பேறியது பழைய சரக்கு என்று அறியலாம். கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்தால் கருப்பாகும். அந்நாளில் எழுதும் மையும் கருஞ்சாயமும் இந்த முறையில் செய்தார்கள். ஈரமான கடுக்காய்த் தூளில் இரும்புக் கரண்டி கிடந்தால் கறுப்பதும் இதனால்தான்.

இனி முக்கியமான விஷயம். காய்கறியின் பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் இருக்கிறது. வேகும்போதும் புளிப்பு சேரும்போதும் அது விலகிப் பச்சை மங்கும். அந்த இடத்தில் செம்பு புகுந்தால் பச்சை பளபளவென்று நிலைத்துவிடும். வாடிய பட்டாணிக்கும் ஊறுகாய்க்கும் துத்தம் சேர்ப்பவர்கள் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். இது உணவுக் கலப்படம், சட்டப்படி குற்றம். துத்தம் சிறிதளவு வயிற்றில் போனாலும் வாந்தியும் வயிற்றெரிச்சலும் வரும். அதிகமானால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே துத்தத்தையும் அன்னபேதியையும் உப்பு, சர்க்கரை, மாவு வகைகளோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். மூடியுள்ள கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் ஜாடியில் பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அளக்கும் கரண்டியும் தராசுத் தட்டும் தனியாக இருக்கட்டும். தேவைக்கு மீறிப் பச்சையாக இருக்கும் பட்டாணி மலிவாக வந்தால், வாங்கும் முன் யோசியுங்கள். வாடிக்கையாளர் நம் கடையை நம்பித்தான் சாப்பிடுகிறார்.